சர்டிபிகேட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்கள் எடைபோடுகிறவர்கள்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் வருகிற பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையில் இருக்கிற குடை என்ன விலை, எத்தனை மழை தாங்கும், ஒரு மழைக்கு எத்தனை காசு அடக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “அதுக்கு நனைஞ்சுட்டே போயிரலாமுங்களே” என்று முடித்தாரே, அவரேதான்.

கருமி என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அந்தப் பழி அவருக்கு வேண்டாம். கருமிக்குக் கொடுக்க மனம் வராது. இவருக்கு மனம் உண்டு, இடுப்பில் கட்டிய பச்சை பெல்ட்டுக்குள் பணமும் உண்டு. முடிவுதான் வராது. “செரி” என்பார். உங்கள் உள்ளம் குளிரும். அடுத்த மூச்சில் “ஆனா...” என்பார். அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனை குடும்பங்களின் கனவுகள் கருகிப் போயிருக்கின்றன என்று நினைத்தால் எனக்குக் கண்ணீர் வருகிறது. துடைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தி. மாட்டுச் சந்தையில் இவரைப் போல ஒரு கெட்டிக்காரர் கிடையாது. அங்கே விலையை வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் இத்தனை, மடக்கினால் இத்தனை. பேச்சு படியவில்லையென்றால், உதறிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. பத்தடி போவதற்குள் தரகர் பின்னாலேயே ஓடிவந்து, “ஏனுங்க, நில்லுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று கூப்பிட்டு நம் விலைக்கே கொடுப்பார். ஈஸ்வரமூர்த்தி தம் வாழ்நாளில் நாற்பத்தேழு தடவை அப்படி எழுந்து நடந்திருக்கிறார். நாற்பத்தேழு தடவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மனிதனைக் கெடுக்க இதைவிட என்ன வேண்டும்?

நயா பைசா வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகன் திருமலைசாமி எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டுச் சும்மா இருந்தான். கோயமுத்தூரில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் படிப்பு ஆரம்பிக்கிறார்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. குடிதண்ணீர்க் கிணற்றுக்கு மருந்து போடுவது, சாக்கடைக்குச் சாய்வு கணக்கிடுவது, குப்பையை உரமாக்குவது, கொசுவை ஒழிப்பது, ஆலைகளின் புகையும் சாயத்தண்ணீரும் ஊரைக் கெடுக்காமல் பார்ப்பது, இவ்வளவும் ஒரே வருஷத்தில். முப்பது இடம். சம்பளம் நூற்று இருபது ரூபாய். சம்பளம் என்றால் அவர்கள் கொடுப்பதில்லை, நாம் கட்டுவது.

இதில் ஒரு காதலும் கலந்திருந்தது. கலக்காமல் இருக்குமா? அந்தியூர்ப் பக்கத்தில் திருமலைசாமியின் தாய்மாமன் பொங்கியண்ணன் இருந்தார். அவர் மகள் ராசாத்தாள். அவளுக்குத் திருமலைசாமியைத் தவிர வேறு யாரையும் பிடிக்காது. அவனுக்கோ அவளை நினைத்தால் சோறு இறங்காது. ஆனால் பொங்கியண்ணன் ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்லிவிட்டார்:

“எனக்குத் தோப்பும் வேண்டாம், தொரவும் வேண்டாமுங்க மாப்பிள்ளை. மழை பொய்ச்சுதுன்னா தென்னமரம் என்னத்தைப் போடும்? எம்பொண்ணைக் கட்டறவன் கையில ஒரு சர்டிபிகேட் வேணும். ஈரோட்டு மஞ்சமண்டிக்காரரு பையன் சென்னியப்பன் இருக்கறானுங்களே, அவனும் பொண்ணு கேட்டு நிக்கறான். அவங்கிட்டயும் இதையேதான் சொல்லிப்போட்டேன். ரெண்டு பேருல எவன் இந்தப் படிப்புக்குப் பணங்கட்டுன ரசீதோட வாரானோ அவனுக்கு ஆவணியில கல்யாணம்.”

ஒரு ரசீது! ஒரு பெண்ணின் வாழ்வே ஒரு துண்டுக் காகிதத்தில் ஊசலாடியது. பணம் கட்டக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

ஈஸ்வரமூர்த்தி விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நல்ல படிப்பாட்டத்தான் தெரியுது. ஆனா எடைபோட்டுப் பாக்கோணும்” என்றார். அன்றைக்கும் கடைசி நாளுக்கும் நடுவே நாற்பது நாள் இருந்தது.

முதல் பத்து நாள் வீட்டிலேயே எடைபோட்டார்.

“கேட்டுக்கோ, சுப்பாத்தா. சம்பளம் நூத்தியிருவது. மெஸ்ஸு மாசம் முப்பது. காக்கிச் சட்டை, காக்கி நிசாரு, கேன்வாஸ் பூட்டீசு. அப்பறம் ஒரு சைக்கிளு. ஆகமொத்தம் ஒரு சோடி காளை வெலை. காளைன்னா வாங்குன அன்னைக்கே தண்ணி எறைக்கும், வண்டி இழுக்கும், சாணி போடும். இந்தச் சர்டிபிகேட்டு என்னத்தைப் போடும்?”

“ஏனுங்க, அது புல்லுந் திங்காதுங்களே” என்றாள் சுப்பாத்தாள்.

அந்த வாதத்தை எடைபோட இன்னும் மூன்று நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு பெரிய மனிதர்களைக் கேட்கப் புறப்பட்டார். இது இந்த இனத்தின் முக்கியமான சடங்கு. ஒரு விஷயத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்களை வரிசையாகப் போய்ப் பார்ப்பார்கள். ஜவுளிக் கடைக்காரரிடம் கேட்டார். ஜவுளிக்கடை வைக்கச் சொன்னார். சோடா பாக்டரிக்காரரிடம் கேட்டார்; அவர் ஒரு கலர் உடைத்துக் கொடுத்து, காசையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் கோயமுத்தூருக்கே போய், சாய ஆலை வைத்திருந்த நரசிம்மலு நாயுடுவைப் பார்த்தார். தேங்காய் நார் வியாபாரத்தில் பழக்கம்.

நாயுடு விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“வேண்டவே வேண்டாமுங்க! பையனைத் தயவுபண்ணி வேற எதுலயாவது சேத்துங்க. டைப்படிக்கட்டும், டிராயிங் போடட்டும். இது பொல்லாத படிப்புங்க. நாளைக்கு நம்ம பையனே காக்கிச் சட்டை போட்டுட்டு நம்ம மில்லுக்கு வருவான். மாமா, இந்த நீலத் தண்ணி எங்க போகுதுன்னு கேப்பான். நான் என்னங்க சொல்றது?”

“எங்கீங்க போகுது?”

“பாத்தீங்களா? படிக்கறதுக்கு முன்னாலயே கேக்க ஆரம்பிச்சுட்டீங்க!”

ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்கு வந்து, “மில்லுக்காரரே நடுங்கற படிப்பு. மதிப்பு இருக்குது” என்று அறிவித்தார். திருமலைசாமி அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டான். மறுநாள் காலையில் தகப்பனார், “ஆனா மில்லுக்காரங்களைப் பகைச்சுக்கிட்டு ஊருக்குள்ள இருக்க முடியுமா?” என்றார்.

முப்பதாம் நாள், அந்தப் படிப்பைப் படித்தவரையே பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. ரசாக் என்று ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர், நல்ல மனிதர், சந்தைப்பேட்டையில் தொட்டிக்குக் குளோரின் போட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்வரமூர்த்தி மகனோடு போய், அவரை வணங்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளைப் பார்த்தார். முதுகுப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு மரியாதையாக, “சித்த அந்தப் புளியமரம் வரைக்கும் நடந்து காட்டுங்க” என்றார்.

“என்னத்துக்குங்க?”

“படிச்சவங்க நடை எப்படியிருக்குதுன்னு பாக்கலாமுன்னுதானுங்க.”

ரசாக் எதற்கென்று தெரியாமலேயே நடந்துவிட்டு வந்தார். “வேலை எப்படிங்க?” என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

“வேலைக்கு என்னங்க? நான் ஓட்டலுக்குள்ள போனாக் காப்பி நல்லா வருது. நான் வெளிய வந்ததும் உள்ள இருக்கறவங்களுக்குப் பழைய காப்பி வருது. அதை மாத்தத்தானுங்க எனக்குச் சம்பளம். முடியலீங்க. ஆனா போன வருசம் வடக்குத் தெருவுல பதினாறு பேருக்குப் பேதி. இந்த வருசம் ஒருத்தருக்கும் இல்லை. அந்தக் கிணத்துக்கு மருந்து போட்டது நானுங்க.”

கேட்டதற்குச் சரியான பதில் இதுதான். அந்தப் படிப்பின் மதிப்பு முழுவதும் இந்த நாலு வரியில் இருந்தது. திருமலைசாமியின் கண்கள் பளபளத்தன. ஆனால் ஈஸ்வரமூர்த்தியோ இதைக் கவனிக்கவே இல்லை. வேர்வை துடைக்க ரசாக் தொப்பியைக் கழற்றியிருந்தார். இவர் அவர் உச்சந்தலையில் சுழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறும்போது, “சிரிச்சுக் காட்டுங்க” என்றார். ரசாக் சிரித்தார். பல் முப்பத்திரண்டும் இருந்தன. “படிப்பு ஆளைக் கெடுக்கலை” என்று மகனிடம் ரகசியமாகச் சொன்னார்.

இந்தச் சமயத்தில் ராசாத்தாளிடமிருந்து திருமலைசாமிக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் அன்பே, ஆருயிரே எல்லாம் இல்லை. “மாமா, உங்க அப்பாவைப் பேச உடாதீங்க. மொதல்ல பணத்தைக் கட்டிப்போடுங்க. பேச்செல்லாம் பொறகு. ராசாத்தா.” அந்தப் பெண்ணுக்கு இருந்த தெளிவில் கால்வாசி அந்த வீட்டு ஆண்களுக்கு இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

கடைசிச் சனிக்கிழமையும் வந்தது.

சுப்பாத்தாள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, “ஏனுங்க, கேட்டதைக் குடுத்துப்போட்டு வந்துருங்க. ராசாத்தா சாமிக்கு வெளக்கு வெச்சுட்டு ஒக்காந்திருக்குது” என்றாள். “எடைபோட்டு முடிச்சாச்சு. படிப்பு நல்ல படிப்பு. சேத்தியே போடறேன்” என்றார் ஈஸ்வரமூர்த்தி. வாசகர்களே, கவனித்தீர்களா? அவர் “ஆனா” சொல்லவில்லை!

பயிற்சிக் கூடத்தில் பணம் வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இருபத்தொன்பது இடம் முடிந்து ஈஸ்வரமூர்த்தியின் முறை வந்தபோது மணி பத்தரை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா வெங்கடபதி.

“கடைசி இடமுங்க. நூத்தியிருவது ரூபா.”

ஈஸ்வரமூர்த்தி பெல்ட்டை அவிழ்ப்பதற்குப் பதிலாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தகப்பனார் துண்டை ஜன்னல் வழியாக விட்டு, குமாஸ்தாவின் வலது கையை மூடி, உள்ளே தம் கையையும் நுழைத்து, அவருடைய விரல்களில் மூன்றை மடக்கி ஒன்றை அழுத்தினார்.

“ஐயோ, என்னங்க இது! கையை உடுங்க!”

“சத்தம் போடாதீங்க தம்பி, பின்னால ஆளுக நிக்கறாங்க. எண்பதுக்கு முடிங்க.”

“இது கவர்மெண்டு பீசுங்க!”

“அதானுங்க சொல்றேன். கவர்மெண்டுக்கு நாப்பது ரூபா பெருசுங்களா?” இன்னொரு விரலை அழுத்தினார். “செரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், எண்பத்தஞ்சு.”

“குறைக்கற அதிகாரம் எனக்கில்லீங்க. கையெழுத்துப் போடற கை இது, உடுங்க!”

ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது. எனக்கு அதிகாரமில்லை என்று எத்தனை தரகர்கள் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்! துண்டை உருவித் தோளில் போட்டார். “வேண்டாமுங்க” என்றார். மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

“அப்பா...”

“திரும்பிப் பாக்காதே கண்ணு. பாத்தா வெலை ஏறிப்போகும்.”

பத்தடி ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. வெளிக் கேட்டைத் தாண்டினார்கள். யாரும் கூப்பிடவில்லை. “கெட்டியான ஆளு. படிச்சவனல்லோ, ரோட்டு வரைக்கும் உட்டுத்தான் கூப்பிடுவான்” என்றார் தகப்பனார், பாராட்டுகிற தோரணையில்.

ரோடு வந்தது. பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி ஏற மறுத்துவிட்டார். பஸ்ஸில் போய்விட்டால் கூப்பிடுகிறவன் எப்படி எட்டிப் பிடிப்பான்? அவனுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? ஆகவே நடந்தார்கள். உக்கடம் வரை நடந்தார்கள். குளத்தங்கரையில் ஒரு நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, குமாஸ்தாவுக்கு வந்து சேர அவகாசம் கொடுத்தார்கள்.

“அப்பா, நான் வேணும்னா ஓடிப்போயிக் கட்டிட்டு வந்துர்றேனுங்க. மணி பதினொண்ணரைதான் ஆகுது.”

“ஓடறவனைப் பாத்தா நூத்தியம்பது கேப்பான்.”

திருமலைசாமி அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? உதறிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் அல்லவா? பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டாவது ஓடியிருக்க வேண்டும். ராசாத்தாளின் முகம் அவன் கண்முன் வந்து நிற்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து நாற்பத்தேழு தடவையில் இருபது தடவையாவது தகப்பனாரோடு சந்தைக்குப் போயிருந்தான். ஒருவேளை கூப்பிட்டாலும் கூப்பிடுவார்களோ என்று அவனுக்கும் ஓர் ஓரத்தில் தோன்றிவிட்டது. உட்கார்ந்தான்.

குறிச்சிக்குப் பக்கத்தில் போகும்போது ஆலைகளின் பன்னிரண்டு மணிச் சங்கு ஒன்றன்பின் ஒன்றாக ஊதியது.

“சங்கு ஊதிருச்சுங்கப்பா” என்றான் திருமலைசாமி.

“அது மில்லுச் சங்கு. மில்லுக்காரன் சங்குக்கு நாம என்னத்துக்குக் கட்டுப்படோணும்?”

ஈச்சனாரியில் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. “ஏனுங்க, சித்த நில்லுங்க!” என்று ஒரு குரலும் வந்தது. ஈஸ்வரமூர்த்தி மகனைப் பார்த்தார். ஆகா, அந்தப் பார்வையை என்னவென்று சொல்வேன்! நாற்பத்தெட்டாவது வெற்றி அவர் மீசை நுனியில் துடித்தது. அவர் நிற்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார். சைக்கிள்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, “மதுக்கரைக்கு இப்படிப் போலாமுங்களா?” என்று கேட்டார்.

ஒத்தக்கால்மண்டபம் போகும்போது ஈஸ்வரமூர்த்தியின் செருப்பு அறுந்தது. கிணத்துக்கடவில் பொழுது சாய்ந்தது. அதற்கு மேலும் அவர் பஸ் ஏறவில்லை. பதினான்கு மைல் நடந்துவிட்டு விட்டுக்கொடுப்பதா?

இங்கே ஜன்னலில் என்ன நடந்தது? ஈஸ்வரமூர்த்திக்குப் பின்னால் நின்றிருந்த வாலிபன் ஒன்றும் கேட்காமல் நூற்று இருபது ரூபாயை நீட்டி, முப்பதாவது ரசீதை வாங்கிக்கொண்டு, மத்தியான ரயிலில் ஈரோட்டுக்குப் போய்விட்டான். சென்னியப்பன்தான். அவனுக்குச் சாக்கடையைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ ஓர் அக்கறையும் கிடையாது. அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. அந்தப் படிப்பின் சகல நன்மை தீமைகளையும் நாற்பது நாள் ஆராய்ந்து அறிந்திருந்த ஒரே குடும்பம் அந்நேரம் பொள்ளாச்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தது.

ஆவணியில் கல்யாணம். ராசாத்தாள் மணவறையில் நிமிரவே இல்லை. திருமலைசாமி பந்தலுக்கு வெளியே ஜோடுகளுக்குக் காவல் நிற்பவனைப் போல நின்றான். ஈஸ்வரமூர்த்தி பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம், “மாப்பிள்ளைப் பையன் அவசரக்காரனுங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா எண்பத்தஞ்சுக்கே முடிச்சிருக்கலாம். அடுத்த வருசம் பாருங்க, அவங்களே வந்து கூப்பிடுவாங்க” என்று விளக்கிக்கொண்டிருந்தார். சுப்பாத்தாள் பின்னால் வந்து நின்றாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில், “ஏனுங்க” என்று தொடங்காமல், ஒரு “ங்க” சேர்க்காமல், அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினாள்.

“எந்திரிச்சு வா.”

பந்தியே கையைச் சாப்பாட்டில் வைத்தபடி உறைந்து போயிற்று. அவர் எழுந்து வந்தார். எடைபோடாமல் அவர் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் கழிந்தது. அந்தப் பயிற்சிக் கூடத்தில் இப்போது சம்பளம் நூற்று ஐம்பது. திருமலைசாமிக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் லட்சணம், நாலு பேர் நல்ல மாதிரி சொன்னார்கள். சுப்பாத்தாள் ஆசையோடு மகன் முகத்தைப் பார்த்தாள்.

“செரீங்கம்மா” என்றான் அவன். அவள் உள்ளம் குளிர்ந்தது.

“ஆனா...” என்றான்.

இதைப் படித்து, அட பைத்தியக்காரா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் இப்போது எங்கே நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள புத்தகக் கடையில் இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்து, அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்து, கொடுக்கிற காசுக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாமே என்று ஆரம்பித்து, கால் மாற்றி நின்று இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கடைக்காரர் இரண்டு தடவை இருமிவிட்டார். உங்கள் விரல்கள் பைக்குள் சில்லறையைத் தடவிக்கொண்டிருக்கின்றன. கடைசிப் பத்தியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்.

இதுதான் கடைசிப் பத்தி.